நப்பின்னை: இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, ஏன் இவ்வளவு அரிதாகிப் போனது?

மழைமுல்லை:

எங்களுக்கு அடுத்த மாதம் குழந்தை பிறக்க இருக்கிறது. ஆண் என்றால் பெயர் முடிவாகிவிட்டது. பெண் என்றால் நப்பின்னை என்று வைக்க வேண்டும் என்பது என் ஆசை. மார்கழிதோறும் திருப்பாவை சொல்லி வளர்ந்தவள் நான். அதில் எத்தனையோ பெயர்கள் வந்தாலும், 'நப்பின்னாய்' என்று கூப்பிடும் அந்த இடம் மட்டும் சிறு வயதிலிருந்தே என்னைப் பிடித்து நிறுத்தும்.

கணவர் சம்மதித்துவிட்டார். மாமியார்தான் தயங்குகிறார். "இவ்வளவு அழகான பெயரை யாருமே வைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமலா இருக்கும்?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. சீதையைப் போல, திரௌபதியைப் போலத் துன்பப்பட்டவளா இவள்? பெயருக்குப் பொருள் என்ன? ராதைதான் நப்பின்னையா, வேறு ஒருத்தியா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தப் பெயர் கொண்டவர் யாராவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

திண்ணை:

கோதை என்று நான்கு பேரைத் தெரியும். ஆண்டாள் என்று பாட்டிமார் பலர். குமுதவல்லிகூட ஒருவர் உண்டு. நப்பின்னை என்று ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. விடை தெரிந்துகொள்ள நானும் காத்திருக்கிறேன்.

சுவடிக்காரன்:

மழைமுல்லை அவர்களே, முதலில் பெயரைப் பிரித்துவிடுவோம். ந + பின்னை. முன்னால் நிற்கும் 'ந' சிறப்புப் பொருளைத் தரும் இடைச்சொல். நல்ல, மேலான என்று கொள்ளலாம். நக்கீரர் என்ற பெயரில் இருப்பது இதே 'ந'தான். சங்கப் புலவர்களில் பெண்பாற் புலவர்களைப் பாருங்கள்: காக்கைபாடினியார் நச்செள்ளையார், மாறோக்கத்து நப்பசலையார், பெருங்கோழி நாயகன் மகள் நக்கண்ணையார். செள்ளை, பசலை, கண்ணை என்ற பெயர்களுக்கு முன்னால் மதிப்பும் அன்பும் சேர்ந்து வந்து நிற்கும் எழுத்து அது. நச்செள்ளையார் பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடி, ஆடுகோட்பாட்டுச் சேரலாதனிடம் ஒன்பது துலாம் பொன்னும் நூறாயிரம் காணமும் பரிசு பெற்றவர். நப்பின்னை இந்தக் குடும்பத்துப் பெயர். தமிழில் பெண்ணுக்குப் பெயர் வைக்கும் மிகப் பழைய முறைகளில் ஒன்று அதில் அப்படியே உறைந்திருக்கிறது. இது ஒன்றே போதும், நான் இந்தப் பெயருக்குக் கை தூக்குவதற்கு.

'பின்னை' என்பதற்கு இரண்டு பொருள் சொல்வார்கள். ஒன்று, பின்னால் பிறந்தவள், இளையவள். திருமகளுக்கே பின்னை என்ற பெயர் உண்டு; மூதேவிக்கு இளையவள் என்பதால். திருக்குறளில் 'செய்யவள் தவ்வை' வருகிறதே, அந்தத் தவ்வைக்கு, அதாவது அக்காளுக்கு, இவள் பின்னை. இன்னொரு பொருள் பின்னுதலிலிருந்து வருவது: பின்னிய கூந்தலை உடையவள்.

எனக்கு இரண்டாவதன் மேல் சாய்வு அதிகம். காரணம், நப்பின்னை எங்கே வந்தாலும் கூந்தலோடுதான் வருகிறாள். சிலப்பதிகாரம் 'பொதியவிழ் மலர்க் கூந்தல் பிஞ்ஞை' என்கிறது. ஆண்டாள் 'கந்தம் கமழும் குழலீ' என்கிறாள்; அடுத்த பாட்டிலேயே 'கொத்தலர் பூங்குழல் நப்பின்னை' என்கிறாள். திருவள்ளுவமாலையில் நல்கூர் வேள்வியார் பாடலில் வரும் 'உபகேசி' இவள்தான் என்று கொள்வார்கள். கேசம் என்ற சொல் அதற்குள்ளேயே இருக்கிறது. பெரியாழ்வார், கண்ணனுக்குத் தலைவாரக் காக்கையைக் கூப்பிடும் பதிகத்தை எப்படித் தொடங்குகிறார் தெரியுமா? 'பின்னை மணாளனை' என்று. குழல் வாரும் பாட்டின் முதல் சொல் பின்னை! தற்செயல் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

மழைமுல்லை:

நான் எதிர்பார்த்ததைவிட எத்தனையோ மடங்கு கிடைத்துவிட்டது. நன்றி ஐயா. சிலப்பதிகாரத்தில் 'பிஞ்ஞை' என்றா இருக்கிறது? அதே பெயர்தானா?

சுவடிக்காரன்:

அதே பெயர்தான் அம்மா. மதுரைக் காண்டத்தில் ஆய்ச்சியர் குரவை என்ற காதை. கண்ணகி இடைச்சேரியில் மாதரியிடம் அடைக்கலமாக இருக்கிறாள். கோவலன் சிலம்பு விற்க நகருக்குள் போயிருக்கிறான். ஆய்ச்சியர் வீட்டில் குடத்துப் பால் உறையவில்லை, உறியில் வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர் வடிகிறது. ஏதோ கேடு வருகிறது என்று உணர்ந்த மாதரி, முன்பு ஆயர்பாடியில் மாயவனும் அவன் அண்ணனும் 'வேல்நெடுங்கண் பிஞ்ஞையோடு' ஆடிய குரவையை நாம் ஆடுவோம், கறவையும் கன்றும் துயர் நீங்கட்டும் என்கிறாள்.

பிறகு ஏழு பெண்களை நிறுத்தி ஏழு சுரங்களின் பெயரை அவர்களுக்கு இடுகிறாள்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். குரலாக நிற்பவள் மாயவன். இளி, வெள்ளை நிறத்துப் பலதேவன். துத்தம், 'ஆய்மகள் பின்னை'. கண்ணனுக்கு இடப்புறமும் பலதேவனுக்கு வலப்புறமுமாக, இருவருக்கும் நடுவே நின்று ஆடுகிறாள் பின்னை. நாரதர் யாழ் நரம்பை மீட்டுகிறார்.

மணிமேகலையிலும் இதே மூவரின் குரவை உவமையாக வருகிறது. பூம்பொழிலில் பறவைகள் ஆடுவதைப் பார்க்கும் சோழ மன்னனுக்கு, 'மாமணி வண்ணனும் தம்முனும் பிஞ்ஞையும்' ஆடிய குரவை நினைவுக்கு வருகிறது. விளக்கம் ஏதும் சொல்லாமல் உவமையாக எடுத்து வைக்க முடிகிறது என்றால், அந்தக் கதை அன்றைக்கு எவ்வளவு பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். சீவக சிந்தாமணி ஒரு சமணக் காப்பியம். அதிலும் நப்பின்னை இருக்கிறாள். பௌத்தமும் சமணமும் வைணவமும் ஒருசேர அறிந்திருந்த பெயர் இது.

நேர்கோடு:

மன்னிக்கவும், மாற்றுக் கருத்து ஒன்று. இலக்கியத்தில் இருப்பது வேறு, பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் இருப்பது வேறு. ந, ப்பி, ன்னை. இரண்டு இரட்டிப்பு. தமிழ் தெரியாத ஆசிரியரோ அலுவலரோ இதை எப்படிச் சொல்வார்? ஆங்கில எழுத்தில் ஒவ்வொரு சான்றிதழிலும் ஒவ்வொரு விதமாக எழுதி வைப்பார்கள். பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றும் ஒத்துப்போகாமல் அலைந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெற்றோரின் இலக்கிய ஆர்வத்துக்காகக் குழந்தை வாழ்நாள் முழுவதும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? மேலும், பேச்சில் 'பின்னே' என்று நாம் எதற்கெல்லாம் சொல்கிறோம்! வகுப்பில் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

இனிமையாகவும் எளிதாகவும் ஒலிக்கும் தமிழ்ப் பெயர்கள் ஏராளமாக இருக்கின்றன. யாழினி, நிலா, கயல். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாமே.

ஏறுதழுவி:

நேர்கோடு சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் நான் வேறொரு பக்கம் பேச வருகிறேன். இந்தப் பெயரின் ஆணிவேர் முல்லை நிலத்தில் இருக்கிறது. நப்பின்னையை மணக்கக் கண்ணன் ஏழு காளைகளை அடக்கினான் என்பதை ஆழ்வார்கள் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். கலித்தொகையின் முல்லைக்கலியில் 'கொல்லேற்றுக் கோடஞ்சுவானை மறுமையும் புல்லாளே ஆய மகள்' என்று இருக்கிறது. காளையின் கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயர்மகள் மறுபிறவியில்கூடத் தழுவமாட்டாள். சுவடிக்காரன் சொன்ன அதே ஆய்ச்சியர் குரவையில், ஒவ்வொரு பெண்ணும் தான் வளர்த்த காளையைச் சொல்லி, அதை அடக்குகிறவனுக்கே இவள் உரியவள் என்று வரிசையாக வருகிறது. ஏழு பெண்கள், ஏழு காளைகள்.

ஆகவே நப்பின்னை எவனுக்கோ கட்டிக்கொடுக்கப்பட்டவள் இல்லை. தன்னை மணக்க விரும்புகிறவனுக்கு நிபந்தனை வைத்த குடியில் பிறந்தவள். கண்ணனே ஆனாலும் தொழுவத்தில் இறங்கித்தான் ஆகவேண்டும்.

அத்துடன், அகநானூறு 59ஆம் பாட்டில் யமுனைக் கரையில் ஆயர் மகளிர் தழை உடுத்திக்கொள்வதற்காகக் குருந்த மரத்தை மிதித்து வளைத்துக் கொடுத்த திருமால் வருகிறான். அங்கே பின்னையின் பெயர் இல்லை. ஆனால் கண்ணனை ஆயர்பெண்களோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் தமிழில் எவ்வளவு பழையது என்பதற்கு அது சான்று.

வடமொழிப்பிரியன்:

ஏழு காளைக் கதை பாகவதத்திலும் இருக்கிறது. கோசல நாட்டு அரசன் நக்னஜித்தின் மகள் சத்யா. அவளை நாக்னஜிதி என்றும் சொல்வார்கள். ஏழு காளைகளை ஒரே நேரத்தில் கட்டி கண்ணன் அவளை மணக்கிறான். பத்தாம் ஸ்கந்தம், 58ஆம் அத்தியாயம். வைணவ ஆசாரியர்கள் நப்பின்னையை, திருமாலின் தேவியரில் ஒருத்தியான நீளாதேவி என்று தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். பராசர பட்டர் திருப்பாவைக்கு அருளிய தனியன், அதாவது நூலுக்கு முன்னால் சொல்லும் துதிப்பாடல், 'நீளா' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. அப்படியிருக்க இதைத் தனித்தமிழ்ப் பெயர் என்று தூக்கிப் பிடிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நீளா என்று பெயர் வைத்தால் பொருளும் அதே, சொல்லவும் எளிது.

ஏறுதழுவி:

பாகவதத்துச் சத்யா ஓர் அரசன் மகள், கோசலத்து அரண்மனையில் பிறந்தவள். நம் பின்னை ஆய்மகள். அவளை யசோதையின் சகோதரன் கும்பனின் மகள் என்பார்கள். ஆண்டாள் அவளிடம் கண்ணனைப் பற்றிச் சொல்லும்போது 'உன் மைத்துனன்' என்கிறாள். தாய்மாமன் மகள், முறைப்பெண்! தமிழ்க் குடும்ப உறவுக்குள் முழுக்க நனைந்த சொல் அது. காளையை அடக்கிப் பெண் எடுப்பது கோசலத்து அரண்மனைக்குப் பொருந்துகிறதா, மாட்டுத் தொழுவத்துக்கும் மஞ்சுவிரட்டுக்கும் பொருந்துகிறதா என்று நீங்களே சொல்லுங்கள். எது முந்தியது என்று நான் சண்டைக்கு வரவில்லை. இந்தக் கதை எந்த மண்ணில் வீடு கட்டிக்கொண்டது என்பதைத்தான் சொல்கிறேன்.

நீளா நல்ல பெயர். ஆனால் கேட்டவர் நப்பின்னையைப் பற்றிக் கேட்டார்.

திண்ணை:

ராதை கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

சுவடிக்காரன்:

ராதையும் நப்பின்னையும் வேறு வேறு. பாகவதத்தில் ராதை என்ற பெயரே கிடையாது. ஜெயதேவரின் கீதகோவிந்தம் 12ஆம் நூற்றாண்டு. ராதையை இந்தியா முழுவதும் கொண்டு சேர்த்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கு முன்பே ஆண்டாள் நப்பின்னையை எழுப்பிவிட்டாள். ஆண்டாளுக்கும் முன்பே மாதரி அவள் பெயரைச் சொல்லிக் குரவை ஆட அழைத்துவிட்டாள்.

பிற்காலத்தில் தமிழ்நாட்டுப் பஜனை மரபில் கீதகோவிந்தத்தின் அஷ்டபதிப் பாடல்களும் ராதா கல்யாணமும் ஊர்தோறும் பரவின. கண்ணனின் காதலி என்றால் ராதை என்று நம் காதுக்குப் பழகிவிட்டது. தெருவுக்கு ஒரு ராதா இருக்கிறார். நப்பின்னையைத் தேட வேண்டியிருக்கிறது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. ராதையின் மேல் குறை இல்லை. வீட்டுப் பெண்ணை மறந்துவிட்டோமே என்ற வருத்தம்.

கரிசல்காடு:

நான் நேரடியாகக் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். திருப்பாவை 19, 20ஆம் பாடல்களில் நப்பின்னையின் உடலழகு எவ்வளவு வெளிப்படையாக வருணிக்கப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பெண் குழந்தைக்குப் பெயர் வைத்துவிட்டு, நாளைக்கு அவள் அந்தப் பாட்டைப் படித்துவிட்டு வந்து கேட்டால்? எங்கள் வீட்டில் இந்தப் பெயர் பேச்சுக்கு வந்தபோது என் அக்கா இதைத்தான் சொன்னார்.

துளசிமாலை:

நல்ல கேள்வி. என்னுடைய பதில்: அந்த இரண்டு பாட்டையும் 18ஆம் பாட்டிலிருந்து சேர்த்துப் படிக்க வேண்டும். 16, 17ஆம் பாடல்களில் பெண்கள் நந்தகோபனின் வாயிற்காவலனைக் கேட்கிறார்கள், நந்தகோபனை எழுப்புகிறார்கள், யசோதையை எழுப்புகிறார்கள், பலதேவனை எழுப்புகிறார்கள். கண்ணன் அசையவில்லை. அப்புறம்தான் நப்பின்னையிடம் வருகிறார்கள். கதவின் திறவுகோல் அவள் கையில் இருக்கிறது. எங்கள் ஆசாரியர்கள் இதற்குப் புருஷகாரம் என்று பெயர் சொல்வார்கள். எளியவர்களுக்காகப் பெருமாளிடம் பரிந்து பேசுகிறவள் தாயார். அவளை முன்னிட்டுக்கொண்டு போனால்தான் அவன் இறங்குவான். மனைவியின் அழகைச் சொல்லும் வரிகள் அங்கே அவளுடைய அதிகாரத்தைச் சொல்லும் வரிகள். வயது வந்த பெண்ணுக்கு இதை எடுத்துச் சொன்னால் அவள் பெருமைதான் படுவாள்.

இன்னொன்று, 'பந்தார் விரலி' என்று ஆண்டாள் கூப்பிடுகிறாள். கண்ணனைப் பந்து விளையாட்டில் தோற்கடித்துவிட்டு, வென்ற பந்தை ஒரு கையிலும் அவனை மறு கையிலும் பிடித்தபடி தூங்குகிறாள் என்று வியாக்கியானம் சொல்கிறது. துன்பப்பட்டவளா என்று மழைமுல்லை கேட்டார். பந்து விளையாடி ஜெயித்துவிட்டுத் தூங்குகிறவள்! நம் புராணப் பெண்களில் இவளைப் போல அழாத பெண் மிகச் சிலரே. காட்டுக்குப் போகவில்லை, தீயில் இறங்கவில்லை, சபையில் நிறுத்தப்படவில்லை, பிரிந்து தவிக்கவில்லை. உங்கள் மாமியாரிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

உடையவர் ராமானுஜர் இந்தப் பாட்டில் உருகிய கதையும் உண்டு. திருப்பாவையை வாய்க்குள் சொல்லிக்கொண்டே பிட்சைக்குப் போகிறவர். பெரிய நம்பியின் வீட்டு வாசலில் 'சீரார் வளையொலிப்ப வந்து திறவாய்' என்று சொல்லி முடிக்கவும், நம்பியின் மகள் அத்துழாய் வளையல் ஒலிக்கக் கதவைத் திறக்கவும் சரியாக இருந்தது. நப்பின்னையே வந்துவிட்டாள் என்று மயங்கி விழுந்தார் என்பார்கள். திருக்கோட்டியூர் நம்பியின் வீட்டில் நடந்ததாக இன்னொரு வழக்கும் இருக்கிறது. எப்படியானாலும் அத்துழாய் என்ற பெயரையும் கவனியுங்கள், அழகிய துளசி. அதுவும் இன்று எங்கும் கேட்பதில்லை.

கரிசல்காடு:

அக்காவுக்கு அப்படியே படித்துக் காட்டுகிறேன். நன்றி.

செந்தூரம்:

ஏன் அரிதானது என்ற கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். சகுனம், தோஷம் எதுவும் இல்லை. இரண்டு தரப்பும் இவளை மற்ற தரப்பின் பெண் என்று நினைத்துவிட்டன.

வைணவக் குடும்பங்கள் பெண்ணுக்குப் பெயர் வைக்கும்போது, கோயிலில் சந்நிதி இருக்கிற தாயாரின் பெயரைத்தான் முதலில் எடுத்தார்கள். ரங்கநாயகி, அலமேலு, பெருந்தேவி, கோமளவல்லி, ஆண்டாள். ஊர்தோறும் தனிச் சந்நிதியும் உற்சவமும் வாகனமும் இருக்கும் பெயர்கள் அவை. நப்பின்னைக்கு அது அமையவில்லை. பெருமாளின் பக்கத்தில் ஸ்ரீதேவியும் பூதேவியும் நிற்பார்கள். நீளாதேவியை எல்லாக் கோயிலிலும் பார்க்க முடியாது. கண்ணில் படாத தெய்வத்தின் பெயர் தொட்டிலில் விழுவது கடினம்.

இன்னொரு பக்கம், 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்துக்குப் பிறகு பெயர் வைப்பதில் பெரிய அலை வந்தது. வேதாசலம் என்ற தம் பெயரையே அவர் மறைமலை என்று மாற்றிக்கொண்டார். அடுத்த தலைமுறையில் தமிழ்ச்செல்வி, கயல்விழி, மணிமேகலை, கண்ணகி என்று நூற்றுக்கணக்கில் பெயர்கள் வந்தன. சிலப்பதிகாரத்திலிருந்து கண்ணகியை எடுத்தார்கள், மாதவியை எடுத்தார்கள். அதே காப்பியத்தில் இருக்கும் பின்னையை எடுக்கவில்லை. திருப்பாவையோடும் திருமாலோடும் அவள் ஒட்டிக்கொண்டிருந்ததால், பக்திப் பெயர் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் உறவு, இரண்டு பந்தியிலும் அவளுக்கு இலை போடவில்லை.

மூன்றாவதாக ஒன்று. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பிறகு, குந்தவை, வானதி, பூங்குழலி என்ற பெயர்கள் வீடுகளுக்குள் வந்தன. வானதி இன்று எவ்வளவு இயல்பாக ஒலிக்கிறது! மக்கள் விரும்பிப் படிக்கும் கதை ஒன்றில் நாயகியாக வரும் வாய்ப்பு ஒரு பெயருக்கு எவ்வளவு செய்யும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். நப்பின்னைக்கு அப்படி ஒரு நாவல் வாய்க்கவில்லை. மாமியார் கேட்ட 'காரணம்' இவ்வளவுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நேர்கோடு:

செந்தூரம் சொல்வது ஏற்கத்தக்கது. ஆனாலும் என் நடைமுறைக் கேள்வி அப்படியே நிற்கிறது. வாழ்ந்து பார்த்தவர் யாராவது பேசினால் நல்லது.

பின்னை:

நான் பேசுகிறேன். என் முழுப்பெயர் நப்பின்னை. இங்கே படித்துவிட்டுப் போகிறவள், எழுதுகிறவள் அல்ல. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேர்கோடு அஞ்சுவது நடக்கும். பள்ளியில் வட மாநிலத்திலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் ஆண்டு முழுவதும் 'நபினை' என்றே கூப்பிட்டார். கல்லூரிச் சான்றிதழ் ஒன்றில் ஓர் எழுத்து குறைந்து வந்து, அதைத் திருத்த ஓர் அலுவலகத்துக்கு அலைந்தேன். அது எரிச்சல்தான், மறைக்கமாட்டேன். ஆனால் அதே அலுவலக வரிசையில் என்னோடு நின்றவர்களில் லட்சுமியும் விஜயலட்சுமியும் இருந்தார்கள். ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயரை எழுதும் எவருக்கும் இந்தத் தொல்லை உண்டு.

கேலியும் இருந்தது. 'பின்னை' என்று கூப்பிட்டுவிட்டு 'முன்னை எங்கே?' என்பார்கள். சில மாதங்களில் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் நான் பின்னி. தோழிகளுக்கு நப்பு.

இப்போது மறுபக்கம். தமிழாசிரியர்கள் யாரும் என் பெயரை ஒரு முறைக்கு மேல் கேட்டதில்லை. கேட்ட உடனேயே முகம் மாறும். ஒருவர் வகுப்பை நிறுத்திவிட்டு ஆய்ச்சியர் குரவையை எடுத்துவிட்டார். மார்கழி மாதத்தில் கோயிலில் ஒலிபெருக்கியில் என் பெயர் கேட்கும். சிறு வயதில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பியிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் என்னைக் குழப்பிக்கொள்ள இன்னொரு நப்பின்னை இல்லை. ஒருமுறை அறிமுகமானவர்கள் ஆண்டுகள் கழித்தும் பெயரை மறப்பதில்லை. கடினமான பெயர் என்று சொல்கிறவர்கள்தான் பிற்பாடு அதைச் சரியாக நினைவில் வைத்திருப்பவர்கள்.

மாற்றிக்கொள்ள நினைத்ததுண்டா என்று கேட்பீர்கள். பதின்ம வயதில் நினைத்தேன். அப்பா தடுக்கவில்லை, இருபது வயதுக்குப் பிறகும் வேண்டுமென்றால் நானே கூட வந்து மாற்றித் தருகிறேன் என்றார். அந்த வயது வந்தபோது எனக்கு வேறு பெயர் வேண்டியிருக்கவில்லை.

மழைமுல்லை:

உங்கள் பதிவைக் கணவரிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். இருவருக்கும் கண் நிறைந்துவிட்டது. 'வேறு பெயர் வேண்டியிருக்கவில்லை' என்ற வரியைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுகிறீர்கள் என்று மட்டும் சொல்வீர்களா?

நாள்நட்சத்திரம்:

குழந்தை அனுஷ நட்சத்திரத்தில் பிறந்தால் 'ந' எழுத்திலேயே பெயர் அமையும். மற்ற நட்சத்திரமாக இருந்தாலும் காதில் சொல்லும் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று என்று வைப்பது வழக்கத்தில் உள்ளதுதான். பெரியவர்களைச் சமாதானப்படுத்த இது உதவும். மாமியார் விரும்பும் பெயரை முதல் பெயராகக் காதில் சொல்லச் சொல்லுங்கள்.

துளசிமாலை:

பெரியவர்களைச் சமாதானப்படுத்தப் பெரியாழ்வாரையும் துணைக்கு அழைக்கலாம். குழந்தைகளுக்குப் பெயரிடுவதைப் பற்றியே ஒரு பதிகம் பாடியவர் அவர். காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு யார் யார் பெயரையோ வைக்காதீர்கள் என்று தொடங்குவார். 'நம்பி பிம்பி என்று நாட்டு மானிடப் பேரிட்டால் நம்பும் பிம்பும் எல்லாம் நாலு நாளில் அழுங்கிப் போம்' என்று கடிந்துகொள்வார். அவர் அங்கே சொல்வது கேசவன், நாரணன் போன்ற பெயர்களைத்தான். ஆனால் காக்கையைக் கூப்பிடும்போது அந்த நாரணனுக்கே அவர் வைத்த பெயர் பின்னை மணாளன். அவளுடைய பெயரைக் கொண்டு அவனை அடையாளம் காட்டுகிறார். இதைவிட என்ன பரிந்துரை வேண்டும்?

பின்னை:

ஆங்கிலத்தில் 'பி' எழுத்தும் நடுவில் வரும் 'என்' எழுத்தும் இரண்டிரண்டு முறை; கடைசியில் 'ஏ', 'ஐ'. அதில் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள். எண்கணிதம் பார்க்கிறேன் என்று யாராவது ஓர் எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் சான்றிதழில் எப்படி எழுதுகிறீர்களோ அதுதான் கடைசி வரைக்கும் துரத்தும். மருத்துவமனையில் படிவம் நிரப்பும்போது தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்லி எழுத விடாதீர்கள்.

நேர்கோடு:

இதோடு நானும் ஒன்று சேர்க்கிறேன். அவசரப்படத் தேவையே இல்லை. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன்படி, பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதிவு செய்யலாம். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. அதன் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஆகவே குழந்தை பிறந்து, முகம் பார்த்து, வீட்டில் எல்லோரும் கூப்பிட்டுப் பழகிய பிறகு, எழுத்துகளைச் சரிபார்த்துப் பதிவு செய்யுங்கள்.

பின்னை அவர்களின் பதிவைப் படித்த பிறகு என் எதிர்ப்பை நான் வற்புறுத்தப் போவதில்லை. எழுத்துக்கூட்டல் தொல்லை உண்மை. ஆனால் அதற்காக விட்டுக்கொடுக்கும் அளவுக்குச் சிறிய பெயர் இல்லை இது.

வடமொழிப்பிரியன்:

நீளா என்பதை இரண்டாம் பெயராகவாவது வைக்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். காதில் சொல்லும் பெயர் என்று நாள்நட்சத்திரம் சொன்னாரே, அதற்குப் பொருத்தமாக இருக்கும்.

ஏறுதழுவி:

அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நல்ல யோசனை.

மழைமுல்லை:

மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு காளைக் கதையையும் பந்து விளையாட்டையும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். 'அழாத பெண்' என்று துளசிமாலை எழுதியதுதான் அவரை அசைத்தது. பெண் பிறந்தால் நப்பின்னை என்று வைக்க ஒப்புக்கொண்டுவிட்டார். காதில் சொல்லும் பெயர் அவருடைய தாயாரின் பெயர். வடமொழிப்பிரியன் மன்னிக்க வேண்டும், நீளாவுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. பதிவுக்கு நேர்கோடு சொன்ன வழியில் போகிறோம். எழுத்துகளை இப்போதே தாளில் எழுதி வைத்துவிட்டேன்.

திண்ணை:

ஆண் பிறந்தால் என்ன பெயர் என்று சொல்லவே இல்லையே?

மழைமுல்லை:

மாயவன்.